உப்பிட்டவளின் வைன்

ஒருவர் தன் கையால் ஊற்றித் தந்ததை அவர் கண் முன்னாலேயே துப்புவதற்கு நான் நாற்பது வயது தாண்டிய பிறகுதான் பழக வேண்டி வந்தது. பழகியது எங்கள் வீட்டுக் குளியலறையில். பால் கலக்காத பிளேன்ரீயைக் கடும் சாயமாக ஊற்றி ஆறவிட்டு, ஒரு மிடறு வாயில் வைத்து உருட்டி, காலடியில் இருந்த வாளிக்குள் துப்புவேன். தொடக்கத்தில் பாதி என் சட்டையில்தான் விழுந்தது.

என் கணவர் மகேசன் கதவடியில் நின்று பார்ப்பார். பஸ் ஓட்டுகிறவர். வேலையால் வந்து சோபாவில் சாய்ந்தால் வீடு பற்றி எரிந்தாலும் எழும்பாதவர், இந்தக் கூத்தைப் பார்க்க மட்டும் எழும்பி வருவார்.

“வெத்திலை போடப் பழகியிருந்தீரெண்டால் இவ்வளவு கஷ்டம் வந்திராது,” என்றார் ஒரு நாள்.

“சிரிச்சு முடிஞ்சுதெண்டால் கேத்திலை ஒருக்காப் போடுங்கோ. தேத்தண்ணி முடிஞ்சுது.”

போட்டார். வாய் மட்டும்தான் அந்த மனிதருக்கு நீளம்.

நான் வேலை செய்வது ஒஸ்லோ நகர நடுவில், பிரெஞ்சுச் சாப்பாடு போடும் ஒரு உணவகத்தில். வந்த புதிதில் எல்லாரையும் போல நானும் கோப்பை கழுவினேன். பிறகு மேசைகளுக்குப் பரிமாறப் போனேன். வைன் வாங்குவதற்கென்று அங்கே ஒருவர் இருந்தார். எந்த ஊர் வைன், எந்தச் சாப்பாட்டோடு கொடுப்பது என்று தீர்மானிப்பவர் அவர்தான். போன மாரிக் குளிரில் அவர் பேர்கன் நகரத்துக்கு மாறிப் போனார். அந்த இடம் எனக்கு வேண்டும் என்று அன்றைக்கே முடிவெடுத்தேன்.

குடியில் வந்த ஆசை அல்ல இது. மணத்தில் வந்தது. ஒரே திராட்சை, மலைக்கு இந்தப் பக்கம் ஒரு மணம், அந்தப் பக்கம் வேறு மணம். இது எனக்குப் புதிதாகவும் படவில்லை. யாழ்ப்பாணத்தில் நல்லூர்க் கிணற்றுத் தண்ணியும் தீவுப் பக்கத்துத் தண்ணியும் ஒன்றா என்ன? ஆனால் பிரான்ஸைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஐந்தாறு தரம் போயிருக்கிறேன். எங்கள் சனத்துக்குப் பிரான்ஸ் என்றால் பாரிஸ், பாரிஸ் என்றால் லா சப்பல் என்ற தமிழ்க் கடைத்தெரு. சித்தி வீட்டில் படுத்து, லா சப்பலில் சீலையும் முருங்கைக்காயும் வாங்கி, திரும்பி வந்துவிடுவோம். நூலகத்தில் புத்தகம் எடுத்து, நகர ஓரத்து வெஸ்ட்லியில் எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் பிரான்ஸ் வரைபடம் ஒட்டி, ஒவ்வொரு ஊராகப் பாடமாக்கினேன். பால் எடுக்கப் போனால்கூட அல்சாஸ், லுவார், ஜூரா என்று வாய் முணுமுணுக்கும்.

கோயிலில் சிவநாயகி அக்கா என்னை ஓரமாகக் கூப்பிட்டார். அவருக்குத் தெரியாமல் இந்த நகரத்தில் ஒரு இலை விழாது.

“வைன் வேலைக்குப் போறீராம் எண்டு கதைக்கினம். குடிக்கிற வேலையே?”

“இல்லை அக்கா. துப்புற வேலை.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அர்ச்சனைத் தட்டோடு உள்ளே போனார்.

உண்மையில் அப்போது எனக்குத் துப்பவே தெரியாது. அதனால்தான் வசந்த காலத்தில் மானம் போனது. வைன் இறக்குமதி செய்கிறவர்கள் போத்தல்களோடு உணவகத்துக்கு வந்து சுவை பார்க்கக் கொடுப்பார்கள். வாயில் வைத்துப் பார்த்துவிட்டு வாளியில் துப்ப வேண்டும். எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள், ஒரு டசின் வைனைக் குடித்தால் யார் நிற்பது? அதைப் புத்தகத்தில் படித்திருந்தேன். ஆனால் ஒரு மனிதர் முன்னால் நின்று, சிரித்த முகத்தோடு தன் கையால் ஊற்றித் தரும்போது துப்ப என்னால் முடியவில்லை. ஒருவர் வீட்டுக்குப் போனால் தந்த தேநீரைக் கசந்தாலும் குடித்துவிட்டு, “நல்லாயிருக்கு” என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். துப்புவது என்றால் எங்களுக்குள் அது ஒரு ஆளை அவமதிக்கிற செய்கை. நான் ஒவ்வொன்றையும் கடைசித் துளிவரை விழுங்கி, ஒவ்வொருவரிடமும் “நல்லாயிருக்கு” என்றேன். முடிவில் நரைத்த தாடிக்காரர் ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டு, குடும்பத்தோடு வெஸ்ட்லிக்குப் புட்டுச் சாப்பிட வரச்சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தேனாம். எனக்கு நினைவில்லை. மேரின் சொன்னாள்.

மேரின் என்னோடு பரிமாறுகிற நோர்வேஜியப் பெண். வைன் படிப்பு ஒன்றை முடித்தவள், கெட்டிக்காரி. அதே இடத்துக்கு அவளுக்கும் ஆசை.

மறுநாள் முதலாளி ஆன்ட்ரியாஸ் என்னைச் சமையலறைக்குப் பின்னால் கூப்பிட்டார். அவர் கதைப்பது நோர்வேஜியம். இத்தனை வருஷத்தில் அது என் காதுக்குள் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் இறங்குகிறது. அப்படியே எழுதுகிறேன்.

“ரெண்டு விஷயம், சத்தியா,” என்றார். “முதலாவது, நீர் துப்பப் பழக வேணும். மற்றது, வந்த வைன் எல்லாத்தையும் நல்லது எண்டு சொன்னீர். அதிலை மூண்டு படு மோசம். எல்லாம் நல்லது எண்டு சொல்லுற ஆளிட்டை நான் வாங்கிற வேலையைக் குடுக்க ஏலாது.”

“இன்னொரு சந்தர்ப்பம் தாங்கோ.”

“ஏன்? உமக்குப் பரிமாறுற வேலை நல்லா வருது.”

“எனக்கு இந்த வேலைதான் வேணும்.”

என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவர் சுவரில் இருந்த நாட்காட்டியைப் புரட்டினார். பிறகு, செப்டெம்பரில் பிரெஞ்சுச் சந்தை வரும், அப்போது பார்ப்போம் என்றார். சந்தைச் சாமான்களை வைத்தே ஒரு சனிக்கிழமை விருந்து. வெள்ளிக்கிழமை காலை வைன் பார்த்துத் தெரிவு செய்வது. மேரினும் நானும் சேர்ந்து பார்ப்பது. அன்றைக்கு யார் சரியாகச் செய்கிறாரோ, வேலை அவருக்கு. அதற்குப் பிறகு அதைப் பற்றிக் கதைக்கக் கூடாது.

மனிசருக்கு இரண்டு குறை சொன்னால், கைக்கு எட்டியதைத்தான் முதலில் திருத்துவோம். நானும் அதைத்தான் செய்தேன். கோடை முழுக்கப் பிளேன்ரீ துப்பினேன். செப்டெம்பர் வரும்போது ஒரு முழத் தூரத்திலிருந்து நேராக வாளியின் நடுவுக்குத் துப்ப எனக்கு முடிந்தது. மற்றக் குறையை நான் நினைத்தும் பார்க்கவில்லை.

சந்தை எங்கள் உணவகத்துக்கு எதிர்ச் சதுக்கத்தில் கூடியது. பிரான்ஸிலிருந்து லொறிகளில் வந்திறங்கிய கூடாரங்கள். ஒலிவ் காய் பீப்பாய்கள், பின்னிக் கட்டிய பூண்டு, வாத்து இறைச்சி, வெண்ணெயில் பொரிந்த அப்பங்கள். ஒவ்வொரு கூடாரத்திலும் எந்த ஊர் என்று ஒரு பலகை. என் வரைபடம் எழும்பி நடந்து வந்தது போல இருந்தது. முதல் நாளே வேலைக்கு முன் நேரத்தோடு போனேன். மழை தூறிக்கொண்டிருந்தது. ஜூரா என்று எழுதிய கூடாரத்தின் முன் என் கால் நின்றுவிட்டது.

அங்கே நின்றவள் சோஃபி. என் வயதுதான் இருக்கும். குளிரில் சிவந்த கைகள், கடுகடுத்த முகம். வண்டிச் சில்லு போலப் பெரிய வட்டமான பாற்கட்டியை இரு கைப்பிடிக் கத்தியால் அழுத்தி வெட்டிக்கொண்டிருந்தாள். நான் வாங்க வந்தவளா பார்க்க வந்தவளா என்று ஒரு பார்வை பார்த்தாள். பிறகு ஒன்றும் கேட்காமல் ஒரு சீவலைக் கத்தி முனையிலேயே நீட்டினாள்.

வாயில் வைத்தேன். வறுத்த கச்சான் கடலையும் வெண்ணெயும் சேர்ந்த ஒரு ருசி.

“இது இந்த வருஷத்துப் பால்,” என்றாள் ஆங்கிலத்தில். என் ஆங்கிலமும் அவள் ஆங்கிலமும் ஒரே அளவு உடைசல், அதனால் நன்றாக விளங்கியது. “இது மூண்டு வருஷத்துக்கு முந்தினது. சாப்பிட்டுப் பார்.”

அடுத்த நாளும் போனேன். அதற்கடுத்த நாளும் போனேன். எந்தப் பாற்கட்டி மலைமேல் மேய்ந்த மாட்டுடையது, குடலில் அடைத்த எந்தத் தொத்திறைச்சியை மரத்தூள் புகையில் தொங்கவிடுவது என்று எல்லாம் வெட்டித் தந்து காட்டினாள். கூடாரத்துக்குப் பின்னால் சின்ன அடுப்பில் தனக்கென்று அவித்த உருளைக்கிழங்கையும் புகையூட்டிய தொத்திறைச்சியையும் பாதியாகப் பிரித்து என் கையில் வைத்தாள். ஒரு சதம் வாங்கவில்லை. நான் நாலு மீன் கட்லட் பொரித்துக்கொண்டுபோய்க் கொடுத்தேன். கடுகுப் பசையில் தோய்த்து நாலையும் தின்றாள். எனக்கு அவளை நன்றாகப் பிடித்துவிட்டது. இந்த நாட்டில் ஒரு அந்நியர் எனக்கு இப்படிப் பங்கு போட்டுச் சாப்பாடு தந்து நெடுநாள்.

“நீங்கள் வைன் கொண்டு வரேல்லையோ?” என்று கேட்டேன்.

“இஞ்சை சந்தையிலை வைன் விக்க ஏலாதாமே. அரசாங்கக் கடை மட்டும்தானாம். என்ன நாடு இது?” என்றாள். “அப்பா இருக்கேக்கை வைன் அவர் செய்தார். இப்ப தம்பி செய்யிறான். எங்கடை சிவப்பு வைன் நிலவறையிலை தேங்கிப் போய்க் கிடக்கு. நாளைக்கு ஒரு உணவகத்திலை காட்டக் கூப்பிட்டிருக்கினம். ஒஸ்லோவிலை ஒரு இடம் வாங்கினாலே போதும், அவன் கொஞ்சம் நிமிந்திடுவான்.”

அந்த உணவகம் எங்களுடையது என்று சொன்னேன். அவள் என் தோளில் தன் ஈரக் கையை வைத்தாள். வேறொன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும், மறுத்திருக்கலாம்.

வெள்ளிக்கிழமை காலை உணவகத்தின் நீள மேசையில் ஆறு போத்தல்கள். நடுவில் வாளி. இறக்குமதிக்காரர் இரண்டு பேர், அவர்களில் ஒருவரோடு சோஃபி. விருந்துக்கு வரப்போகிற சாப்பாட்டைச் சிறு துண்டுகளாகத் தட்டில் வைத்திருந்தார் ஆன்ட்ரியாஸ். சோஃபியின் பாற்கட்டி, சோஃபியின் தொத்திறைச்சி. அவர் சுவரோடு சாய்ந்து கைகட்டி நின்றார்.

துப்பினேன். அல்சாஸ் வெள்ளை, துப்பினேன். லுவார்க்கரை வெள்ளை, துப்பினேன். பொஷோலேயின் சிவப்பு, தெற்குப் பக்கத்துக் கறுத்த சிவப்பு, எல்லாம் நேராக வாளிக்குள். மேரின் புருவத்தை உயர்த்திப் பார்த்தாள். எனக்குள் ஒரு பெருமை முட்டிக்கொண்டு வந்தது.

பிறகு சோஃபி தன் இரண்டையும் எடுத்தாள். ஒன்று ஜூராவின் மஞ்சள் வைன். பீப்பாயில் ஆறு வருஷத்துக்கு மேல் கிடந்தது, தகப்பன் காலத்தது. மூக்கைக் கிட்டக் கொண்டு போனேன். வெந்தயம்! தேங்காய்ப்பால் சொதிக்கு வெந்தயம் போட்டுக் கொதிக்கும்போது வருகிற அதே வாசம், பின்னால் வால்நட். பாற்கட்டியோடு சேர்த்தால் இரண்டும் ஒன்றையொன்று தூக்கிப் பிடித்தன. துப்ப மனமில்லாமல்தான் துப்பினேன்.

கடைசியாகத் தம்பியின் சிவப்பு. சோஃபி என் கண்ணைப் பார்த்தபடி ஊற்றினாள். நிறம் அழகு, வெளிறிய மாதுளை முத்து. வாயில் வைத்ததும் நாக்கின் ஓரத்தில் வினாகிரியின் காடிப் புளிப்பு சுண்டியது. சரி, சாப்பாட்டோடு பார்ப்போம் என்று தொத்திறைச்சியைக் கடித்து மறுபடி வைத்தேன். புகையும் உப்பும் சேர்ந்ததும் அந்தக் காடிப் புளிப்பு இன்னும் எழும்பியது. அவள் கையால் தந்த இறைச்சி, அவள் கையால் ஊற்றிய வைன். இரண்டையும் அவள் முன்னாலேயே துப்பினேன். அவள் முகம் சுளிக்கவில்லை. துப்புவது அவளுக்கு வேலை, நான்தான் அதைப் பெரிதாக நினைத்திருக்கிறேன்.

“சரி,” என்றார் ஆன்ட்ரியாஸ். “எனக்கு ஒரு கேள்விதான். இதிலை எதை நீங்கள் வாங்க மாட்டியள்? மேரின்?”

மேரின் யோசித்து, லுவார் வெள்ளை தண்ணீராக இருக்கிறது என்றாள். அது அவளுடைய நேர்மையான அபிப்பிராயம். அந்தத் திராட்சைத் தோட்டக்காரர் அங்கே இல்லை.

“சத்தியா?”

என் நாக்கில் “எல்லாம் நல்லாயிருக்கு” என்பது தயாராக வந்து நின்றது. பிறந்ததிலிருந்து அங்கேதான் அது குடியிருக்கிறது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று சொல்லித் தந்த சனம் நாங்கள். மூன்று நாள் இவளுடைய உப்பைத் தின்றிருக்கிறேன். மேரின் சொன்னதையே நானும் சொல்லிவிட்டால் ஒருவருக்கும் நட்டமில்லை. வேலையும் மேரினுக்குப் போய்விடும், நான் நல்லவளாகவே வீட்டுக்குப் போகலாம். அந்த நினைப்பு வந்ததும் எனக்கு என்மேலேயே கோபம் வந்தது. கோடை முழுக்க வாளிக்கு முன் நின்றது நல்லவளாக வீடு போகவா?

“இந்தச் சிவப்பு,” என்றேன். “இதிலை வினாகிரி அடிக்குது.”

சோஃபியோடு வந்த இறக்குமதிக்காரர் முந்திக்கொண்டார். “போத்தல் பழுதாக்கும். இப்பிடி ஒண்டு ரெண்டு வாறதுதான்.”

அவர் எனக்குக் கதவைத் திறந்து வைத்தார். ஓம், போத்தல் பழுதாக்கும் என்று சொன்னால் சோஃபியின் மானமும் தப்பும், என் கண்ணியமும் தப்பும்.

“வேறை போத்தல் இருக்கோ?” என்று கேட்டேன்.

இருந்தது. சோஃபியே திறந்தாள். தக்கையை இழுக்கும்போது அவள் கை கொஞ்சம் அவசரப்பட்டதைப் பார்த்தேன். முதலில் எனக்கு ஊற்றினாள். பிறகு தனக்கும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டாள். இருவரும் ஒரே நேரம் வாயில் வைத்தோம். அதே சுண்டல், அதே இடத்தில்.

“இதுவும் அப்பிடித்தான்,” என்றேன், இந்த முறை அவளைப் பார்த்து, ஆங்கிலத்தில். “போத்தல் பழுதில்லை. வைன் பழுது. உன்ரை இறைச்சியோடை இதை வைச்சால் இறைச்சியும் கெட்டுப்போகும். மஞ்சள் வைனை நான் வாங்குவன், எவ்வளவு இருந்தாலும் வாங்குவன். இது வேண்டாம்.”

சோஃபி வாயில் இருந்ததை வாளிக்குள் துப்பினாள். தக்கையை எடுத்துப் போத்தலின் வாயில் அழுத்தினாள். மற்றப் போத்தலையும் மூடினாள். மேசையை ஒருக்காத் துடைத்தாள். பிறகு மஞ்சள் வைனின் விலையைப் பற்றி இறக்குமதிக்காரரோடு கதையுங்கள் என்று சொல்லிவிட்டு, சந்தையில் கூடாரத்தைப் பார்க்க ஆள் இல்லை என்று புறப்பட்டுப் போனாள். என்னைப் பார்க்கவில்லை.

ஆன்ட்ரியாஸ் சாவிக்கொத்திலிருந்து வைன் நிலவறைத் திறப்பைக் கழற்றி என் முன்னால் மேசையில் வைத்தார்.

“சந்தோஷமாய் இல்லைப் போல,” என்றார்.

“வேலை கிடைச்சது சந்தோஷம்தான்,” என்றேன். “மற்றது நோகுது.”

மேரின் வந்து கை கொடுத்தாள். அவள் முகம் வாடித்தான் இருந்தது, ஆனாலும் கையை இறுக்கிப் பிடித்தாள்.

சனிக்கிழமை விருந்து நன்றாக நடந்தது. பாற்கட்டியோடு மஞ்சள் வைனை நானே ஒவ்வொரு மேசையாகக் கொண்டு போனேன். முகர்ந்து பார்த்து முகம் சுருக்கியவர்களிடம், பாற்கட்டியைக் கடித்துவிட்டு மறுபடி குடித்துப் பாருங்கள் என்றேன். பலர் கேட்டார்கள், சிலர் கேட்கவில்லை. கேட்காதவர்களுக்காக நான் வைனை மாற்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சந்தையின் கடைசி நாள். எனக்கு விடுமுறை. மகேசன் சொன்னார், “விடுமப்பா. போய் என்னத்தைச் சொல்லப் போறீர்? நாளைக்கு அவ போயிடுவா.”

“போறதுக்கிடையிலை போக வேணும்,” என்று சொல்லிவிட்டு ஐந்தாம் இலக்க ரயிலில் ஏறினேன். என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. ஒளித்திருக்க மாட்டேன் என்பது மட்டும் தெரிந்தது.

கூடாரத்தின் ஒரு பக்கம் ஏற்கெனவே கழற்றப்பட்டிருந்தது. சோஃபி பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். மூன்று வருஷப் பாற்கட்டியில் ஒரு துண்டு கேட்டேன். வெட்டினாள், தராசில் நிறுத்தாள், தாளில் சுற்றினாள், விலையைச் சொன்னாள். கத்தி முனையில் சீவல் ஒன்றும் வரவில்லை. காசைக் கொடுத்தேன். அது எனக்கு நன்றாகவே சுட்டது. சுடட்டும் என்று நின்றேன்.

எனக்குப் பின்னால் ஆள் இல்லை. அவள் கூடாரத்தின் மழைத்துணியை மடிக்கத் தொடங்கினாள், பாதியில் நிறுத்தினாள்.

“ஊரிலை எல்லாரும் தம்பியின்ரை வைனைக் குடிச்சிட்டு நல்லது எண்டு சொல்லுகினம்,” என்றாள். “அப்பாவின்ரை சிநேகிதர்மார். அவனுக்கு மனம் நோகக் கூடாதெண்டு. நானும் அப்பிடித்தான் சொல்லி வைச்சிருக்கிறன்.”

நான் பாற்கட்டியைப் பைக்குள் வைத்தேன்.

“நேற்று அவன் போன் எடுத்தான். ஒஸ்லோவிலை என்ன சொன்னவை எண்டு கேட்டான். இன்னும் சொல்லேல்லை.” மழைத்துணியைப் பெட்டியின் மேல் போட்டாள். “திருப்பிச் சொல். முதல்லையிருந்து. எந்த இடத்திலை சுண்டுது, எப்பிடிச் சுண்டுது, ஒண்டும் விடாமல். நான் அவனுக்கு அப்பிடியே சொல்ல வேணும்.”

சொன்னேன். நாக்கின் எந்த ஓரத்தில், விழுங்காமல் வைத்திருந்தால் என்ன ஆகிறது, புகையோடு சேர்ந்தால் என்ன ஆகிறது, நிறம் எவ்வளவு நல்லது, அந்த நல்லதை அந்தப் புளிப்பு எப்படி மூடுகிறது என்று எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் என் உடைந்த ஆங்கிலத்தில் சொன்னேன். சொல் வராத இடத்தில் கையால் காட்டினேன். அவள் கைகட்டி, கண்ணை எடுக்காமல் கேட்டாள். இரண்டு இடத்தில் மறித்துத் திரும்பச் சொல்லச் சொன்னாள். கடைசியில் அவள் கண் கலங்கியிருந்தது, எனக்கும்தான். நான் ஒரு சொல்லைக்கூடக் குறைக்கவில்லை.

முடிந்ததும் தலையை ஆட்டிவிட்டு மறுபடி மழைத்துணியை எடுத்தாள். அது பெரிது, தனி ஆளால் மடிக்க முடியாது. மற்ற முனையை நான் பிடித்தேன். இருவருமாக உதறி மடித்து லொறிக்குள் வைத்தோம். அவள் எனக்கு நன்றி சொல்லவில்லை. நானும் அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை.